பார்த்தது, சொல்லக் கேட்டது

செத்த பாம்பைக்கூட அளந்து பார்ப்பாள் சின்னத்தை.

எங்கள் தெருவில் ஒருநாள் சாரைப்பாம்பு ஒன்றை அடித்துப் போட்டிருந்தார்கள். அடித்தவர் பத்தடி இருக்கும் என்றார். பார்க்க வந்தவர்கள் பன்னிரண்டு என்றார்கள். சேதி அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது பதினைந்தடி ஆகியிருந்தது. வயலிலிருந்து வந்த சின்னத்தை, தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, பாம்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் முழம் போட்டாள்.

“நாலு முழம், ஒரு சாண்.”

அடித்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “செத்த பாம்புக்கு ரெண்டு முழம் கூடச் சொன்னா ஒன் வூட்டுச் சொத்தா போயிடும்?”

“போவாது. ஆனா பாம்பு நாலு முழந்தானே.”

அவள் என் அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். சரியான வயது என்ன என்று கேட்டால், “நான் பொறந்தத நானா பாத்தேன்? எங்கம்மாவக் கேக்கணும், அது செத்துப்போச்சு” என்பாள். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று அவள் சொன்னதில்லை. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதில் எதையும் நான் எழுதப்போவதில்லை. எல்லாம் சொல்லக் கேட்டவை.

நான் பிள்ளைகளுக்காகச் சிறு புத்தகங்கள் எழுதுகிறவன். கதைகள் இல்லை. மதகு, நாரை, நண்டு, உப்பளம் என்று கண்ணுக்கு முன்னால் இருப்பவற்றைப் பற்றிய புத்தகங்கள். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டால் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, “இதையெல்லாம் உங்களுக்கு யாரு சார் சொல்லிக்குடுத்தாங்க?” என்பதுதான். சின்ன வயதில் ஊர் ஊராகப் போனேன், கையில் கிடைத்ததைப் படித்தேன் என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அது உண்மைதான். ஆனால் முழுதும் இல்லை. யாரோடு போனேன், யாருக்காகப் படித்தேன் என்பதையும், அதனால் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். என் மகள் சில நாட்களுக்கு முன் ஒரு கேள்வி கேட்டாள். அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடைமடையில் இருக்கிறது. காவிரித் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறாக, வாய்க்காலாக, சின்னக் கன்னி வாய்க்காலாக மெலிந்து மெலிந்து கடைசியாக வந்து சேர்கிற இடம். மேலே திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவு நடக்கும்போது எங்கள் வயலில் வெடிப்புக்குள் கை போகும். அதனால் எங்கள் தெருப் பெண்கள் ஒரு கொத்தாகச் சேர்ந்து ஆனி மாதம் மேற்கே போய்விடுவார்கள். அங்கே நட்டு முடித்து, அடுத்த ஊரில் நட்டு, தண்ணீர் இறங்க இறங்க அதோடு இறங்கி ஊர் வந்து சேர்வார்கள். அந்தக் கொத்துக்குச் சின்னத்தைதான் தலைவி. வயதில் சிறியவளாக இருந்தாலும் அவள் சொல்லுக்கு மேற்கத்தி மிராசுதார்கள் மதிப்புக் கொடுத்தார்கள். இருபது பேர் வருவோம் என்றால் இருபது பேர்தான் வருவார்கள்.

என்னை அவள் கூட்டிக்கொண்டு போனதற்குப் பாசம் காரணமில்லை. அதற்கு முந்தின வருடம் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவர் திருவையாறு பஸ் என்று கை காட்டியதை நம்பிக் கொத்து முழுவதும் ஏறி, திருவிடைமருதூரில் போய் இறங்கியிருக்கிறது. இறங்கின இடத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாளாம்.

“இனிமே சொல்றவன் பேச்சக் கேட்டு ஏற மாட்டேன். எழுதியிருக்கறதப் படிக்க ஒரு ஆளு வேணும்.”

எழுதியிருப்பதைப் படிக்க எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். நாலாம் வகுப்பு.

பஸ் பலகையோடு என் வேலை முடிந்துவிடவில்லை. மைல்கல், உர மூட்டை, சினிமா போஸ்டர், கடலை சுற்றிக் கொடுத்த காகிதம், சுவரில் ஆளுங்கட்சிக்காரர்கள் எழுதிவைத்த வாசகம் எல்லாவற்றையும் படிக்கச் சொல்வாள். படித்து முடித்ததும் ஒரே கேள்விதான் வரும்.

“இது பாத்தவன் எழுதுனதா, கேட்டவன் எழுதுனதா?”

எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை தஞ்சாவூரில் ஒரு சுவரொட்டியைப் படித்துக் காட்டினேன். மாபெரும் பொதுக்கூட்டம், வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது.

“வர்ற ஞாயித்துக்கெழமயா? இன்னம் நடக்கவே இல்லியே. மாபெரும்னு எப்பிடித் தெரிஞ்சிது அவங்களுக்கு?”

கொத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கியிருந்த களத்துக் கொட்டகையில் அட்டை கிழிந்த பூகோளப் புத்தகம் ஒன்று கிடந்தது. மழை பெய்து நடவு நின்ற நாளில் அதை உரக்கப் படித்தேன். காவிரி தஞ்சை மாவட்டம் முழுவதையும் செழிக்கச் செய்து கடலில் கலக்கிறது என்று ஒரு வரி வந்தது.

“நிறுத்து. இத எழுதுனவன் நம்மூருக்கு வந்திருக்கானா?”

“தெரியாது அத்தே.”

“வந்திருக்க மாட்டான். வந்திருந்தா முழுவதையும்னு எழுதியிருப்பானா? சரி, பொம்ம இருந்தாக் காட்டு.”

காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் வயலில் குனிந்து நாற்று நடுகிற படம். அவள் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு கொட்டகையிலிருந்த எல்லாருக்கும் ஒவ்வொருவராகக் காட்டினாள்.

“ஏய், இங்க பாருங்கடி. ஆம்பள நடவு நடுறான். எங்க பாத்தானாம் இவன்?”

அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு, வேலையில் சுணங்குகிற பெண்ணை “என்னடி, பூகோளத்து ஆம்பள மாதிரி நடுற” என்று சொல்வது அந்தக் கொத்தின் வழக்கமாகிவிட்டது. அச்சில் இருப்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது எனக்குப் பயமாகவும் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருடம் எங்கள் பக்கத்தில் கூலிச் சண்டை பெரிதாக இருந்தது. சங்கத்தில் சேர்ந்தவர்களுக்குப் பண்ணையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். போலீஸ் வண்டி தினமும் வந்து போயிற்று. அப்பா சங்கத்தில் இருந்தார். பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகவே வளர்ந்தவர், அந்த வருடம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆனி பிறந்ததும் சின்னத்தை சொன்னாள்: “அண்ணே, நீயும் அண்ணியும் கெளம்புங்க. நாத்துப் பறிக்க, கட்டு தூக்க ஆம்பள ஆளும் கேட்டிருக்காங்க.”

மற்ற வீடுகளில் கிழவரோ கிழவியோ ஒருவர் தங்கினார். எங்கள் வீட்டில் தங்க ஆள் இல்லை. வாசலில் மூங்கில் படலை இழுத்துக் கட்டிவிட்டு நான்கு பேரும் புறப்பட்டோம்.

பள்ளிக்கூடம் திறந்திருந்த சமயம். வாத்தியாரிடம் கேட்கப் போனபோது, “போற எடத்துல தினம் ஒரு பக்கம் எழுதணும். தேதி போட்டு எழுதணும். இல்லாட்டிப் பேர அடிச்சிடுவேன்” என்று சொல்லிவிட்டார். சின்னத்தை கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். நான் எழுதியதை அவளுக்குத் தினமும் படித்துக் காட்ட வேண்டும். முதல் நாளே தகராறு வந்துவிட்டது. பஸ்ஸில் நூறு பேர் இருந்தார்கள் என்று எழுதியிருந்தேன்.

“எண்ணுனியா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன நூறு? நெறைய பேருன்னு போடு.”

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் நான் பார்த்தது, அல்லது சொல்லக் கேட்டது என்று எழுதிவிட வேண்டும். தேதி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. சாயங்காலம் கரையேறியதும் என்னை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போவாள். வெளியே நின்றபடியே உள்ளே தொங்குகிற காலண்டரைப் பார்த்து நான் தேதியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். “நாளு தப்பாப் போச்சுன்னா அப்பறம் எல்லாமே தப்பாப் போயிடும்” என்பாள்.

அந்த நோட்டில் இருந்தவை எனக்கு இப்போதும் நினைவிருக்கின்றன. கல்லணையில் யானைமேல் ஒரு சிலை, நான் பார்த்தது. ஆற்றில் முதலை இருக்கிறது, சொல்லக் கேட்டது. தாராசுரத்தில் நட்டபோது ஒருநாள் கோயில்வரை நடந்தோம். உள்ளே போகலாமா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நந்தி, நான் பார்த்தது. உள்ளே கல்லில் தேரும் குதிரையும் உண்டு, சொல்லக் கேட்டது. அந்தத் தேரை நேரில் பார்க்க எனக்கு இருபது வருடம் ஆயிற்று. பார்க்கும்வரை அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஆடி கடைசியில் ஊர் திரும்பினோம். வாத்தியார் நோட்டை முழுவதும் படித்துவிட்டுச் சிவப்பு மசியில் கையெழுத்துப் போட்டார். சின்னத்தை அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். நோட்டைத் துணியில் சுற்றித் தன் தகரப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் சட்டம் ஒன்று வந்திருந்தது. மிராசுதாரின் நிலத்தில் குடிசை கட்டிக்கொண்டு இருக்கிறவர்களுக்கு அந்த மனை சொந்தம் என்றது சட்டம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் இருந்த மனை அது. ஆனாலும் பண்ணைக்குக் கோபம் வந்தால் ஒரே நாளில் பிரித்துப் போடச் சொல்லலாம். அப்படிச் சொல்லப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இனி அது முடியாது. அப்பா அந்தச் சேதியைக் கேட்ட அன்று சுவருக்குப் புது மண் பூசினார். “சொந்த வூடாச்சே” என்று அம்மா கேலி செய்தாள். நான்கடிக்கு ஒன்றாக இரண்டு தென்னங்கன்று நட்டார். அவ்வளவு நெருக்கமாக நட்டால் வராது என்று அவருக்கே தெரியும்.

சட்டத்தில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியில் யார் குடியிருந்தார்களோ அவர்களுக்குத்தான் மனை. அது ஆனி மாதத்துத் தேதி.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், சங்கத்துக்காரர் ஒருவர் வீடு வீடாக வந்து சொல்லிக்கொடுத்தார். எங்கள் எதிர் வீட்டுக்காரர்தான் அவர்.

“கேட்டா, இங்கதாங்க இருந்தோம்னு ஒரே வார்த்த. வேற எதுவும் பேசாத.”

“என்னைக்கின்னு கேட்டா?” என்றாள் சின்னத்தை.

“என்னைக்கும்னு சொல்லு.”

“என்னைக்கும்தான். எங்கப்பன் பொறந்ததுலேருந்து இங்கதான். ஆனா அந்தத் தேதிக்கு நாம மேக்க இருந்தமே.”

“யம்மா நீதிமானே, வேலைக்குப் போறதும் வீட்ட விட்டுப் போறதும் ஒண்ணா? நீ பேசாத. ஒங்கண்ணன் பேசட்டும்.”

“அதுவும் சரிதான்,” என்றாள் அவள். உண்மையிலேயே பேசாமல் இருக்கத்தான் நினைத்தாள். அதை நான் பார்த்தேன்.

விசாரணை எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வாத்தியாரின் நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகம். கெட்டவர் இல்லை. பக்கத்தில் பண்ணைக் காரியஸ்தர் நின்றார். எங்கள் முறை வந்ததும் காரியஸ்தர் முந்திக்கொண்டார்.

“இவங்க குடும்பம் போன பங்குனியிலேயே காலி பண்ணிட்டுப் போயிடுச்சு சார். வீடு சும்மாக் கெடந்துது. சட்டம் வருதுன்னு காதுல விழுந்ததும் ஓடி வந்து ஒட்டிக்கிட்டாங்க.”

அப்பா வாயைத் திறந்தார். அதிகாரிகளுக்கு முன்னால் அவருக்கு எப்போதுமே குரல் வராது. அன்றும் வரவில்லை. துண்டைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டே நின்றார். காரியஸ்தர் சொன்னது அப்பட்டமான பொய். ஒரு பொய் தன் எதிரே நிமிர்ந்து நிற்கும்போது சின்னத்தையால் சும்மா இருக்க முடியாது. அவள் முன்னால் வந்தாள்.

“பங்குனியில நாங்க இங்கதாங்க இருந்தோம். சித்திரையிலயும் இங்கதான், வைகாசியிலயும் இங்கதான். இவரு பாக்காததச் சொல்றாருங்க.”

“எழுத்துல ஏதாச்சும் இருக்காம்மா?” என்று அதிகாரி கேட்டார். எல்லாரிடமும் கேட்ட கேள்விதான். எங்கள் தெருவில் யாரிடமும் எழுத்தில் எதுவும் இருந்ததில்லை.

சின்னத்தை இடுப்பிலிருந்து துணிச்சுருளை எடுத்துப் பிரித்தாள்.

“இருக்குங்க. எங்கண்ணன் மவன் எழுதுனது. ஊருலேருந்து கெளம்புன நாளு, திரும்பி வந்த நாளு, எல்லாம் இருக்கு. ஆனியிலதாங்க போனோம், ஆடியில வந்துட்டோம். தேதி ஒண்ணுகூடத் தப்பு இருக்காது. வாத்தியார் கையெழுத்து இருக்கு பாருங்க.”

கூட்டத்தில் நின்ற சங்கத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார். புரட்டினார். இன்னும் இரண்டு மூன்று பக்கம் புரட்டி ஓரிடத்தில் நின்றார். விரலை உள்ளே வைத்தபடி நோட்டை மூடிவிட்டுச் சின்னத்தையைப் பார்த்தார்.

“ஏம்மா, இத ஏன் கொண்டாந்த?”

“அவரு சொன்னது பொய்யின்னு காட்டத்தாங்க.”

“பொய்தாம்மா. பங்குனியில நீங்க போகல. அது சரி. ஆனா சட்டத்துல ஒரு தேதி இருக்கே. அன்னைக்கி வீட்டுல யாரு இருந்தா? நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒருத்தர்கூடவா இல்ல? யாராச்சும் ஒருத்தர் இருந்திருப்பாங்க.”

அவர் எங்களுக்கு ஒரு கயிறு வீசினார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. சின்னத்தை நன்றாகவே யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, அவர் சொன்னபடியே யோசித்தாள்.

“யாரும் இல்லைங்க. படலக் கட்டிட்டுப் போனோம்.”

“நான் இருந்தேங்க,” என்றார் அப்பா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் குரல் அவ்வளவு உரக்க வந்து நான் கேட்டதில்லை. “நடுவுல நான் மட்டும் திரும்பி வந்துட்டேங்க. ஒரு வாரம் வீட்டுல இருந்தேங்க.”

“அந்த நோட்டப் படிங்க சார்,” என்றார் காரியஸ்தர். “அவங்க கொண்டாந்ததுதான.”

அதிகாரிக்கு வேறு வழி இல்லை. விரல் வைத்திருந்த இடத்தைத் திறந்து படித்தார். அன்றைய தேதியைப் படித்தார். பிறகு என் வரிகள்: “இன்று அப்பா நாற்றுக்கட்டு தூக்கினார். வரப்பு வழுக்கிச் சேற்றில் விழுந்தார். மீசையிலும் சேறு. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் பார்த்தது.”

பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மீசையிலும் சேறு என்ற இடத்தில் எங்கள் தெருக்காரர்களே சிரித்தார்கள். ஒரு நிமிடம்தான். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“தம்பி, இங்க வா,” என்றார் அதிகாரி. “இது நீ எழுதுனதா?”

“ஆமாங்க சார்.”

“இது வேற நாளு நடந்ததா இருக்குமா? தேதிய மாத்திப் போட்டிருப்பியா? சின்னப் புள்ள, தப்பா எழுதியிருக்கலாம்ல?”

இரண்டாவது கயிறு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இல்லைங்க சார். டீக்கடைக் காலண்டரப் பாத்துத்தான் எழுதுனேன்” என்று சொன்னேன். பயந்துபோய்ச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்த ஓர் அதிகாரி என் எழுத்தைப் படித்தார், கூட்டம் சிரித்தது என்ற பெருமை. அப்பாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கு மனை கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. நோட்டைக் கோப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பல வருடம் கழித்து வக்கீல் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வேலைக்காக வெளியூர் போனவர் குடியிருப்பை விட்டுப் போனவர் ஆகமாட்டார், அப்பீல் போட்டிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்றார் அவர். அன்றைக்கு அதைச் சங்கத்துக்காரர் மட்டும் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார். அதைச் சட்டம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

மண்சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூங்கிலையும் கீற்றையும் பிரித்துக்கொண்டு வாய்க்கால் கரைப் புறம்போக்குக்குப் போனோம். அம்மா அம்மிக்கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நடக்கும்போது ஒன்று சொன்னாள்: “அந்தக் காரியஸ்தன் நம்மள ஒண்ணும் பண்ணல. நம்ம வாய்தான் பண்ணிச்சு.” சின்னத்தை பின்னால் கீற்றுக்கட்டோடு வந்தாள். தெருவில் சிலர் அவளைச் சீண்டினார்கள். மழை வருமா என்று ஒருவர் கேட்டால், “அந்தம்மாவக் கேளு, தேதி போட்டு எழுதி வச்சிருக்கும்” என்று இன்னொருவர் சொல்வார். அப்பா அவளையும் என்னையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் வீட்டில் அவரும் அம்மாவும் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போனால், “பாத்துப் பேசு, எழுதிடுவான்” என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சாகும்வரை அப்படிச் சொன்னார்.

மனை போன இரண்டு மாதம் கழித்துச் சின்னத்தை என்னைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினம் ஆபீசுக்குப் போனாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். “அன்னைக்கி நான் வீட்டுல இருந்தேங்க. காச்சல்னு நடுவுல வந்துட்டேங்க. அன்னைக்கி நான் வீட்டுல இருந்தேங்க.” திரும்பத் திரும்ப அதையே சொல்லிப் பார்த்தாள். அந்தப் பயணத்தில் பலகை எதையும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை.

ஆபீசில் நெடுநேரம் நின்ற பிறகு குமாஸ்தா தலையைத் தூக்கினார். “என்னம்மா விஷயம்?”

“மனை விஷயங்க. அன்னைக்கி நான்…” என்று ஆரம்பித்தாள். “அன்னைக்கி நான் வீட்டுல…”

“சொல்லும்மா, ஆளுங்க நிக்கறாங்க.”

“வீட்டுல இல்லைங்க,” என்றாள்.

குமாஸ்தா ஒன்றும் புரியாமல் பார்த்தார். எதுவானாலும் கெடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் தன் வாயைப் புறங்கையால் ஒருமுறை அடித்துக்கொண்டாள். பிறகு எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தாள். சுற்றியிருந்த காகிதத்தை நான் படித்துக் காட்டப் போனேன். “வேணாம்” என்றாள்.

இதைத்தான் என் மகளிடம் சொன்னேன். அவள் ஆறாம் வகுப்பு. கேட்டுவிட்டு, “அப்ப அந்தப் பாட்டி செஞ்சது தப்பாப்பா?” என்றாள். சரி என்றால், அப்பா வாய்க்கால் கரையிலேயே செத்துப்போனது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். தப்பு என்றால், நான் எழுதிய புத்தகங்களை என்ன செய்வது? “நீ சாப்பிடு” என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்லவும் என்னிடம் பதில் இல்லை.

என் முதல் புத்தகம் வந்தபோது எனக்கு நாற்பது வயது. கல்லணையிலிருந்து கடல்வரை தண்ணீர் போகிற வழியை ஊர் ஊராகச் சொல்லும் புத்தகம் அது. ஒவ்வொரு ஊருக்கும் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். சின்னத்தை அப்போதும் அதே வாய்க்கால் கரையில்தான் இருந்தாள். முன்பற்கள் போய்விட்டன, கண் மட்டும் நன்றாக இருந்தது. ஒரு மத்தியானம் அவளுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினாள். நடவுப் படத்தில் பெண்கள் இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினாள். கடலில் தண்ணீர் கலந்து புத்தகம் முடிந்தது.

“நம்மூரு வரலியே,” என்றாள்.

தண்ணீர் போகிற வழியில் எங்கள் ஊர் உண்டு. அதற்கு முந்தின மதகையும் அடுத்த மதகையும் எழுதியிருந்தேன். எங்கள் ஊரையும் போய்ப் பார்த்தேன். தெருவில் பன்னிரண்டு வீடு இருக்கிறது. நடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பண்ணை அதை ஒன்றும் செய்யவில்லை, சும்மா போட்டுவைத்திருக்கிறது. பார்த்தேன். எழுத வரவில்லை.

“பக்கம் பத்தல அத்தே,” என்றேன்.

அவள் புத்தகத்தை வாங்கினாள். பின்பக்கத்திலிருந்து திறந்தாள். அச்சகத்துக்காரர் சேர்த்த தாள்கள் இரண்டு கடைசியில் எழுத்தே இல்லாமல் இருந்தன. படிக்கத் தெரியாதவளுக்கும் வெற்றுத் தாள் தெரியும். முதல் தாளை விரலால் தடவினாள். புரட்டினாள். இரண்டாவதையும் தடவினாள். பிறகு மூடி என்னிடம் நீட்டினாள்.

“ஆமாமா,” என்றாள். “பக்கம் பத்தாதுதான்.”